முள்ளு போட்ட பாத்தி

காலை ஐந்தே முக்கால். துறைமுகத்துச் சங்கு அப்போதுதான் ஊதி அடங்கியிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு பூனையின் முதுகை. சாம்பல் நிறம், வாலில் பாதி இல்லை. மருக்கொழுந்துப் பாத்தியின் நடுவே பின்னங்கால்களை மடக்கி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. வந்த வேலையை முடித்து, மண்ணை இரண்டு தரம் காலால் தள்ளிவிட்டு, அவசரமில்லாமல் சுவரேறிப் போயிற்று. தள்ளிய மண் மூடப் போதவில்லை.

நான் சித்தப்பாவை எழுப்ப ஓடினேன். அந்த வயதில் எனக்கு மிகப் பிடித்த வேலை அதுதான். பூனை வந்துபோன செய்தியை முதலில் கொண்டுபோகிறவள் நானாக இருக்க வேண்டும்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில்வே வேலை. சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் பக்கத்து மண் கடல் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, நட்டது பிழைக்காது. ஆனால் எங்கள் கொல்லையில் மட்டும் சுவரோரம் ஒரு பாத்தி செம்மண் இருந்தது. செங்குன்றம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த மண். அதை வரவழைத்தவள் சித்தப்பாவின் முதல் மனைவி. அதில் இரண்டு பன்னீர் ரோஜாச் செடிகளையும் ஒரு வரிசை மருக்கொழுந்தையும் வைத்தவளும் அவள்தான். பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. நான் அப்போது மிகச் சிறியவள்; அவளைப் பற்றி என் நினைவில் இருப்பது மருக்கொழுந்து வாசனையடிக்கும் ஒரு கை மட்டும்தான். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் அம்மா, "செடி வெச்சவ" என்பாள்.

அவள் போன பிறகு செடிகளைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு உதவியாக நான் இருந்தேன். இருவருக்கும் பொது எதிரி பூனைகள்.

பக்கத்து வீடு கருவாட்டு வியாபாரி பாயுடையது. பின்கட்டில் எப்போதும் கருவாடு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். எலிக்காகப் பூனை வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். பூனைகளைப் பார்த்தால் எலிக்காகக் கஷ்டப்பட்டவை மாதிரி தெரியாது. பாயின் மனைவியை எல்லோரும் பாயம்மா என்று கூப்பிட்டோம். சுவருக்கு மேலே தலை தெரிகிற உயரம். பூனைகளைப் பற்றி முறையிட்டால் சுவருக்கு மேலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

"அதுக்கு இன்னாம்மா தெரியும், இது உங்க எடம், அது எங்க எடம்னு. வாயில்லா ஜீவன். அடிச்சிகிடிச்சி வெச்சிடாதீங்க, பாவம்."

"அடிக்கல பாயம்மா. உங்க வூட்டு மண்ணுல போவச் சொல்லுங்க."

"எங்க வூட்ல ஏது மண்ணு? கல்லு பாவிக்கீறோமே."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடற்கரை. பூனைக்குத் தேவையான மணல் எண்ணூர் வரை நீண்டு கிடந்தது. அதை விட்டுவிட்டு இந்த ஒரு பாத்திக்கு ஏன் வர வேண்டும்? சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் தேங்காய்ச் சிரட்டையால் பாத்தியைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்:

"அதுவும் மன்சன் மாரிதான் கண்ணு. யாரோ பண்ணி வெச்ச எடம்தான் கேக்கும்."

சுத்தம் செய்தபின் அன்று பூத்த ரோஜாவைக் கிள்ளுவார். ஒன்று பூத்தால் சாமி படத்துக்கு. இரண்டு பூத்தால் இரண்டாவது எனக்கு. பள்ளிக்கூடத்தில் பன்னீர் ரோஜா வைத்துக்கொண்டு வருகிறவள் நான் ஒருத்திதான். அந்தப் பாத்தியும், அதைப் பார்த்துக்கொள்கிற சித்தப்பாவும் என்னுடையவை என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு சித்தப்பாவுக்கு மறுபடியும் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

பெண் எண்ணூர். அவள் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. கறுப்பாக, மெலிந்து, கழுத்து நீளமாக இருந்தாள். நான் அவளைச் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் எதுவும் கூப்பிடவில்லை. அவளிடம் பேச வேண்டியிருந்தால் எதிரே போய் நின்றுகொண்டு பேசினேன். கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

வந்த முதல் நாளே அம்மா அவளுக்கு வீட்டு வழக்கங்களைச் சொன்னாள். அதில் ஒன்று முள்ளுத்தட்டு. மீன் இல்லாத நாள் எங்கள் வீட்டில் குறைவு. சாப்பிடும்போது நடுவில் ஒரு பழைய பித்தளைத் தட்டு இருக்கும். எல்லோரும் மீன் முள்ளை எடுத்து அதில் போட வேண்டும். முள்ளு என்றால் எங்களுக்கு மீன் முள்தான். 'முள்ளு பாத்துத் தின்னு' என்பதுதான் நான் முதலில் கற்ற புத்திமதியாக இருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் அந்தத் தட்டை வாசலுக்குக் கொண்டுபோய், தெரு முனையில் விளக்குக் கம்பத்தடியில் கொட்டிவிட்டு வர வேண்டும்.

"கொல்லப் பக்கம் மட்டும் கொட்டிடாதம்மே. பூனைங்க வந்து பூந்துடும்," என்றாள் அம்மா. "அது செடி வெச்சவ போட்ட சட்டம்."

"செரிக்கா," என்றாள் அவள்.

சித்தப்பா மாலையில் வேலை முடிந்து வரும்போது கல்மண்டபத்து முனையில் பூ வாங்கிவர ஆரம்பித்தார். வாழை இலையில் கட்டி, நார் சுற்றிய சிறு பொட்டலம். அதுவரை அவர் கையில் வந்த பொட்டலம் எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். பொரி, வேர்க்கடலை, பஞ்சுமிட்டாய் எல்லாம் அப்படித்தான். இந்தப் பொட்டலம் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. மல்லிகை, சில நாள் கதம்பம். அவள் தலை நிறைய வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடந்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆனால் அவள் பார்த்தது என் தலையை. காலையில் நான் ரோஜாவுடன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, செய்கிற வேலையை நிறுத்திவிட்டு ஒரு நொடி பார்ப்பாள். இவ்வளவு பூ வைத்துக்கொண்டும் இந்த ஒன்றுக்கு ஆசைப்படுகிறாளே, எவ்வளவு பேராசை என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து முகம் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஒருநாளைக்கி எனக்குக் குடேன். வெச்சிப் பாத்துட்டு குட்துட்றேன்."

"இது உன்து இல்ல. செடி வெச்சவங்களுது," என்றேன்.

சித்தப்பாவின் கத்தி கன்னத்தில் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

அவள் சிரித்தாள். "செரி. அவங்களே வெச்சிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மியிடம் போனாள். அன்று மசாலா வெகுநேரம் அரைபட்டது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் பூனைகள் அதிகமாயின. பாய் வீட்டில் இரண்டு பூனைகள் குட்டி போட்டிருந்தன. குட்டிகள் வளர்ந்து, தாயோடு வந்து பழகிக்கொண்டன. மருக்கொழுந்தின் அடியிலைகள் மஞ்சளாகிக் கருகின. பூனை மூத்திரம் சுண்ணாம்பு மாதிரி, வேரைச் சுட்டுவிடும் என்றார் சித்தப்பா. ஒரு ரோஜாச் செடியின் அடியில் தோண்டித் தோண்டி வேர் வெளியே தெரிந்தது.

சித்தப்பா தீவிரமாக இறங்கினார். முதலில் அந்துருண்டை போட்டார். பூனைகள் அதை உருட்டி விளையாடின. ரயில்வே ஷெட்டிலிருந்து அப்பா நிலக்கரிச் சாம்பல் கொண்டுவந்தார். அதன் மேலேயே போயின, அது மூடுவதற்கு இன்னும் வசதி. ஒருநாள் மூக்குப்பொடி தூவினோம். வால் அறுந்த பூனை தும்மியது, பாத்தியின் அடுத்த முனைக்கு நகர்ந்துகொண்டது. காசிமேட்டிலிருந்து ஒரு கிழிந்த வலையை வாங்கிவந்து பாத்தி மேல் கட்டினார். அதில் ஒரு குட்டி மாட்டிக்கொண்டு கத்த, பாயம்மா சுவருக்கு மேலிருந்து அழ, சித்தப்பாவே வலையை அறுத்து எடுத்தார்.

வேலையிலிருந்து வந்ததும் பூப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் கொல்லைக்குப் போய்விடுவார். நான் கூடவே போவேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு அருகே நிற்பாள்.

"காப்பி ஆறுது."

"வை, வர்றேன்."

ஆறிய காப்பியை அவள் திரும்பக் கொண்டுபோவாள். நான் சித்தப்பாவின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவேன். அந்த நாட்களில் பூனைகள்மேல் எனக்கு உள்ளூர நன்றி இருந்தது.

அம்மா கேலி செய்தாள். "இன்னா தம்பி, கிரேன் ஓட்ற வேலைய வுட்டுட்டு வாட்ச்மேன் வேலையில சேந்துட்டியா?"

"இல்ல அண்ணி. இத்தினி வருசம் காப்பாத்திட்டேன். இப்ப வுட்டா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவள் அப்போது சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவருடைய தட்டில் ஒரு கரண்டி அதிகமாக விழுந்தது.

இது நடந்த சில நாட்களில் புளியந்தோப்பில் அம்மாவின் தம்பி வீட்டில் காதுகுத்து. அம்மாவும் அப்பாவும் கிளம்பினார்கள். பரீட்சை என்பதால் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அதே வாரம் துறைமுகத்துக்கு நெல் கப்பல் ஒன்று வந்திருந்தது. சித்தப்பாவுக்கு அடுத்தடுத்து ஷிப்ட். கப்பல் காலியாகும் வரை தூக்கமும் அங்கேயேதான்.

ஷிப்டுக்குக் கிளம்புகிற காலையில் சித்தப்பா பழைய சோறும் முதல்நாள் மீன் குழம்பும் சாப்பிட்டார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயிலிருந்து ஒரு சங்கரா முள்ளை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"செடியச் சுத்தி முள்ளு போட்டு வை. நான் வந்து பாக்க நேரம் கெடைக்காது. முள்ளு போட்டா பூன வராது."

"எல்லாச் செடிக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். நல்லா நெருக்கமா போடு."

"செரி," என்றாள்.

பாத்தி வேலையை அவர் அவளிடம் கொடுத்துவிட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் சொல்லியிருக்கலாம். அவர் போனதும் அவள் தட்டை வழித்து எடுத்தாள், முள்ளுத்தட்டையும் எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகவில்லை. கொல்லைக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். முள்ளை எடுத்து ரோஜாச் செடியைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்தாள். முள் பூனையின் காலில் குத்தும், அதனால் வராது என்று எனக்கும் உடனே விளங்கியது. ஒருமுறை வஞ்சிர முள் என் தொண்டையில் சிக்கி, சோற்றை உருட்டி விழுங்கி, வாழைப்பழம் விழுங்கி, ஒரு பகல் முழுவதும் அழுதிருக்கிறேன். முள்ளின் பலம் எனக்குத் தெரியும். சித்தப்பாவின் யோசனை பிரமாதம் என்று தோன்றியது. நானும் வைக்கிறேன் என்று கை நீட்டினேன்.

"நீ தொடாத. குத்தும்," என்றாள்.

அவ்வளவுதான். என் பாத்தியில் நான் தொடக் கூடாது.

அன்று மீன்காரியிடம் வழக்கத்துக்கு மேல் வாங்கினாள். காரப்பொடி, கெளுத்தி, இன்னும் என்னவோ. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று மீன்காரியே கேட்டாள். "முள்ளு வேணும்," என்றாள் அவள். மீன்காரி சிரித்துக்கொண்டே போனாள். மத்தியானம் நான் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தபோது அவள் கொல்லையில் குந்தியிருந்தாள். தலை, செதில், குடல், நடு முள் எல்லாம் ஒரு சட்டியில் இருந்தது. கெளுத்தியின் பக்க முள்ளை மட்டும் தனியாக ஒடித்து, முனை மேலே தெரிய, மருக்கொழுந்து வரிசை நெடுக நட்டிருந்தாள். மிச்சத்தை வேரடியில் பரப்பினாள். ரங்கோலி போடுகிறவள் மாதிரி தள்ளி நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது பூனைகள் ஓடவில்லை. ஓட இடமில்லாத அளவுக்கு இருந்தன. பாய் வீட்டுப் பூனைகளோடு நான் அதுவரை பார்த்திராத பூனைகளும் இருந்தன. கல்மண்டபத்துப் பூனைகள், மீன்மார்க்கெட் பூனைகள் என்று உருவத்திலேயே தெரிந்தது. ஒற்றைக் கண் உள்ள ஒன்று ரோஜாச் செடியில் முன்னங்காலை வைத்து வளைத்துக்கொண்டிருந்தது. மருக்கொழுந்தின் மேல் இரண்டு சண்டையிட்டுப் புரண்டன.

நான் கத்தினேன். அவள் வந்தாள். துடைப்பத்தை எடுத்து விரட்டினாள். பாத்தியை நிதானமாகப் பார்த்தாள்.

"வெச்சதெல்லாம் தின்னுட்டு கீது," என்றாள். "பத்தல போல. இன்னும் கொஞ்சம் போடணும்."

அன்றும் மீன் வாங்கினாள்.

மாலையில் பாயம்மாவின் தலை சுவருக்கு மேல் தெரிந்தது.

"இன்னாம்மா, எங்க வூட்டுப் பூனைங்க ஒண்ணியும் சோத்துக்கு வரல. எல்லாம் உங்க வூட்டாண்டயே குந்திகினு கீதுங்க. இன்னா விசேசம்?"

"செடிக்கு முள்ளு போட்டேன் பாயம்மா. அவுரு போடச் சொன்னாரு."

பாயம்மா பாத்தியைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"செரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

கப்பல் வேலை முடிந்து சித்தப்பா வந்தபோது, சற்று முன்புதான் அம்மாவும் அப்பாவும் திரும்பியிருந்தார்கள். நான்தான் செய்தியை முதலில் சொன்னேன். வாசலிலேயே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மருக்கொழுந்து ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு ரோஜாச் செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. இன்னொன்று அடியில் ஒடிந்து, பட்டையில் தொங்கியது. செம்மண் முழுவதும் குழி குழியாக, நாறியது. கெளுத்தி முட்கள் மட்டும் நட்ட இடத்தில் அப்படியே நின்றன.

"இன்னாது இது?" என்றார் சித்தப்பா.

அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "நீங்கதான முள்ளு போடச் சொன்னீங்க."

அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடிப்பாவி. அது கருவேல முள்ளுடி. வெறகுத்தொட்டிக் கடையில கட்டுக் கட்டா கெடக்குதே. பூனைக்கி வேலி போட சொன்னா பந்தி போட்டுக்கீறியே."

"முள்ளுன்னாரு அக்கா. நம்ம வூட்ல முள்ளுன்னா இதுதான."

"மொத நாளே சொன்னேனேடி, கொல்லையில கொட்டாதன்னு."

"அவுரே போடச் சொல்றப்போ..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவும் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. செடி போனது துக்கம்தான். ஆனால் அவள் மண்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனிச் சித்தப்பா அவளை அடிப்பார், குறைந்தது திட்டுவார், பூப் பொட்டலம் நின்றுபோகும் என்று நினைத்தேன்.

சித்தப்பா குனிந்து ஒரு கெளுத்தி முள்ளைப் பிடுங்கினார். மண்ணைத் தட்டிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை மேலே, தண்டு கீழே, எல்லாம் ஒரே சாய்வில் நட்டிருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அழவும் இல்லை. கழுத்தை நீட்டி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"செரி, போவுது வுடு," என்றார் சித்தப்பா.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சாய்ந்த செடியை எடுத்தார். ஒடிந்ததையும் பிடுங்கினார். மருக்கொழுந்து வேர்களை மண்வெட்டியால் கிளறி, எல்லாவற்றையும் கூடையில் போட்டு, அவரே தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். வந்து கைகால் கழுவினார். அவள் காப்பி கொண்டுவந்தாள். சூடாக இருக்கும்போதே குடித்தார். மறுநாள் மாலை பூப் பொட்டலம் வந்தது, என்னைத் தாண்டி உள்ளே போயிற்று.

கதை சந்து முழுக்கப் பரவியது. குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்து, "இன்னாமே, இன்னிக்கி பூனைக்கி இன்னா கொயம்பு?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "வஞ்சிரம்," என்பாள். நான் அதுவரை எதுவும் கூப்பிடாமல் இருந்தவள், அன்று முதல் அவளை முள்ளுச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தேன். குத்திக்காட்டத்தான் கூப்பிட்டேன். அவள் "ஓ" என்று திரும்பினாள். அதுவே பிறந்தபோது வைத்த பெயர் மாதிரி திரும்பினாள்.

ஆடி மாதம் பிறந்தது. வழக்கப்படி அவளை எண்ணூரில் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை. சித்தப்பாவுக்கு இப்போது கொல்லையில் வேலை இல்லை; காலையில் நான் எழுப்பினால், "இன்னா கண்ணு, தூங்க வுடு," என்று புரண்டு படுத்தார். மாலையில் வெறுங்கையோடு வந்தார். பொரிகூட இல்லை.

ஆடி முடிந்து அவளைக் கூட்டிவரப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். ரயிலில் சித்தப்பா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து மணலில் நடந்தோம். அவள் வீடு தனியாக, கழிமுகத்துப் பக்கம், ஓலைக் கூரையோடு இருந்தது. சுற்றிலும் வேலி. இடுப்பளவுக்கு நெருக்கமாக அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிய கருவேல முள். உள்ளே கீரையும் வெண்டைச் செடியும். வெளியே ஆடுகள் நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் கிட்ட வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு வெட்டுக்கத்தியும் கவட்டைக் கம்பும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் போனாள். கருவேலங் கிளையைக் கவட்டையால் அழுத்திக்கொண்டு வெட்டினாள். வெட்டியதைக் காலால் மிதித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, தாழம் நாரால் கட்டினாள். கையில் ஒரு கீறல் இல்லை. அவளுடைய அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சித்தப்பாவிடம் சொன்னாள்:

"எட்டு வயசுலேர்ந்து இந்த வேலி அவ கட்டுறதுதான், மாப்ளே. அவ போனப்பறம் ஆட்டப் புடிக்க முடியல."

சித்தப்பா எழுந்து வேலிப் பக்கம் போனார். நானும் போனேன். அவர் முள்கட்டிலிருந்து ஒரு கிளையை உருவி, இரண்டு விரலால் ஜாக்கிரதையாகத் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னாது?" என்று அவளைக் கேட்டார்.

அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் வேர்வை.

"முள்ளு," என்றாள்.

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, நிறுத்தி, மறுபடி சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முள்ளை முள் என்று சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு நாள் கழித்தாவது சரியாகக் கற்றுக்கொண்டாளே என்று பாராட்டுகிறார் போலும் என்று நினைத்தேன். அப்படிப் பாராட்டுவதற்கு நான் முதலிலிருந்தே எவ்வளவோ சரியாகச் சொல்லியிருக்கிறேன். "இன்னா, இன்னா," என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒண்ணியும் இல்ல கண்ணு," என்றார். இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் கட்டைச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றினோம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் மடியில் ஈரத் துணியில் சுற்றிய கனகாம்பர நாற்று இருந்தது. கொருக்குப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது சித்தப்பா முள் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டார். அவள் என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன்.

மறுநாள் சங்கு ஊதும்போதே எழுந்துவிட்டேன். கொல்லைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. செம்மண்ணைக் கொத்திச் சமன் செய்திருந்தார்கள். கனகாம்பரம் வரிசையாக நின்றது. அதைச் சுற்றிச் சித்தி முள் ஊன்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எதிரே குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வால் அறுந்த பூனை சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எழுந்து கடற்கரைப் பக்கம் போயிற்று.